விருந்தினர் கூசாத மனை

இல்லறத்தார் ஆற்றுங் கடன்களுள் விருந்தோம்பல் தலையாயது என்பதனை நம்மவருள் மறுப்பார் எவருமிலர். ஆயினும் அதனைப்பற்றிப் பேசுவார் பெரும்பாலும் ஓம்புவான் பக்கத்தே நின்று பேசுகின்றனரன்றி, ஓம்பப்படுவான் பக்கத்தே நின்று பேசுதல் அரிது. எத்தனை கறி சமைத்தான், எத்தனை பேர்க்கு இலையிட்டான், எவ்வளவு பொருள் செலவிட்டான் என்பன எண்ணப்படுகின்றன. வந்தவன் அம்மனையில் இருந்த பொழுதெல்லாம் உள்ளங் கூசாது இருந்தானா, அன்றி முள்ளின்மேல் இருந்தாற்போல இருந்து எப்பொழுது விடுபடுவோம் என ஏங்கியிருந்தானா என்பது எண்ணப்படுவதில்லை. இவ்விரண்டாவதனையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றாம்.

ஒரு மனையிற் புகுந்த அளவிலே நெஞ்சு தானே நெகிழ்கின்றது. மற்றொரு மனையில், பட்டு மெத்தையும் பன்னிருவகைக் கறியும் இருந்தும், நெஞ்சு சுருங்குகின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் பொருளன்று என்பது வெளிப்படை. பழக்கமும் அன்று, உடன்பிறந்தான் மனையிற் கூசுகின்ற ஒருவன் முன்பின் அறியாதான் மனையிற் கூசாது காலை நீட்டியிருத்தலைக் கண்டிருக்கின்றோம். இம்மனை எனது, இச்சோறு எனது, யான் இதனை இவனுக்கு ஈகின்றேன் என்னும் எண்ணம் மனைத்தலைவன் உள்ளத்தில் எத்துணை மெலிந்திருக்கின்றதோ, அத்துணை விருந்தினன் கூச்சமும் மெலிகின்றது என்பதே எமது துணிபு. யான் எனதென்னுஞ் செருக்கு ஆணவத்தின் காரியமென்பது சித்தாந்தம் பயின்றார்க்குப் புதிய செய்தியன்று. அம்மலம் அடுப்பங்கரை வரையிற் சென்று தன் தொழிலைச் செய்கின்றது என்பதனையே நாம் மறந்துவிடுகின்றோம்.

விருந்து என்னுஞ் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாம். தொல்காப்பியனார் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு விருந்து எனப் பெயரிட்டதும் புதிதாகப் புனையப்படுதல் பற்றியே. அப்பண்பின் பெயர் புதியராய் வந்தார்மேல் ஆகுபெயராய் நின்றது. வடநூலார் அதிதி என்னுஞ் சொற்குத் திதி குறியாது வருவோன் எனப் பொருள் கூறுவர். பரிமேலழகரும், முன்னரே அறிமுகமுண்மையாற் குறித்து வருவாரும் அஃதின்மையாற் குறியாது வருவாரும் என விருந்தினரை இருவகைப்படுத்தனர். இக்காலத்துக் கைப்பேசியானது குறித்து வருவாரைப் பெருக்கிவிட்டது. குறியாது வருவார் ஏறக்குறைய அற்றொழிந்தனர். வரலாமா என முன்னரே கேளாது ஒருவன் வாயிலில் வந்து நிற்பானாயின் அவனை நாகரிகம் அறியாதவன் என்கின்றனர். பண்டை ஆசிரியர் விருந்தென மதித்து எதிர்கொள்ளச் சொன்னவருள் அவனும் ஒருவன் என்பதை அவர் அறியார் போலும்!

புதியவன் தன் புதுமையாலேயே வருந்துகின்றான். கால் கழுவும் இடம் யாது, செருப்பை எங்கே விடுவது, இம்மனையார் உண்ணும் வேளை எது, தான் இரவு தங்கினால் எவர்தம் பாய்க்கு இடமின்றிப் போம் என்பனவெல்லாம் அவனுக்குத் தெரியா, கேட்கவும் நாணுகின்றான். ஆதலின் விருந்தோம்பலின் முதற்றொழில் சோறிடுதலன்று. அவன் கேளாமுன்னரே அவன் அறியவேண்டுவனவற்றை அறியச்செய்தலே முதற்றொழிலாம்.

திருவள்ளுவனார் அதிகாரங்களை நிறுத்திய முறையும் இங்கு நினைக்கத்தக்கது. இல்வாழ்க்கையும் துணைநலமும் மக்கட்பேறும் கூறியபின், அன்புடைமையை 8ஆவதாகவும், விருந்தோம்பலை 9ஆவதாகவும், இனியவை கூறலை 10ஆவதாகவும் வைத்தனர். அன்புக்கும் இன்சொல்லுக்கும் நடுவே விருந்து நிற்கின்றது. அன்பிருந்தும் இன்சொற் கூறத் தெரியாத மனையில் விருந்தினன் முதலிற் சிறிது திகைத்துப் பின் தெளிவான். இன்சொல் மட்டும் இருந்து அன்பில்லாத மனையில் அவன் தெளிவதேயில்லை. அவ்விருந்தோம்பல் அதிகாரத்தின் ஈற்றுக் குறளில், முகர்ந்தால் வாடும் அனிச்சப்பூவினும் விருந்தினர் மெல்லியர் என்பதனை அவர் உணர்த்தினர். மனையாரின் முகத்தில் எழும் சிறுமாற்றத்தையே இலையிலுள்ள சோற்றுக்கு முன்னர் விருந்தினன் உண்கின்றான் என்க.

இனி, இதனைச் சித்தாந்தத்தோடு பொருத்திக் காண்பாம். சிவஞானபோதத்து 11ஆம் சூத்திரத்தில் மெய்கண்டதேவர், இறைவன் உயிர்க்குச் செய்யும் உதவியைக் கண்ணுக்கு உயிர் செய்யும் உதவியோடு உவமித்தருளினார். கண் தானே காணவல்லதன்று. உயிர் காட்டினாலன்றிக் காணாது. காட்டிய அளவில் உயிர் ஒழிவதுமில்லை. கண்ணோடு கூடி நின்று தானுங் காணும். அங்ஙனமே இறைவன் உயிர்க்குக் காட்டியும் நிற்பன். உடனின்று கண்டும் நிற்பன். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என நாம் பாடங் கேட்கும் இவ்விரண்டும் உயிர் இறைவன் திருவடியைத் தலைப்படும் நிலைக்கண் ஆராயப்படுவன. அவற்றை ஒரு வீட்டின் நடையில் வைத்துப் பேசுதல் தகுமோ என்று மாணாக்கரொருவர் எம்மை வினாவினார். தகும் என்றே விடையிறுத்தோம். சூத்திரத்தை ஏட்டோடு கட்டிவைத்துவிட்டு இல்லத்தில் வேறொரு வாழ்வு வாழ்வதற்காக ஆசிரியர் அதனை அருளவில்லை.

விடுதிக்காரனும் காட்டுகின்றான், நன்றாகவே காட்டுகின்றான். விளக்கிற்கு இப்பொத்தான், வெந்நீர்க்கு இக்குழாய், உணவுக்கு இவ்வெண் என எல்லாம் எழுதித் தொங்கவிட்டிருக்கின்றான். அவன்பாற் குறைகாண இடமில்லை. அவன் வாங்கிய காசுக்கு அஃது அமையும். ஆனால் அவன் உடன் காண்பதில்லை. அவ்வறையில் வந்தவன் உறங்கினானா, விழித்துக்கிடந்தானா என்பது அவனுக்கு ஒன்றே. இல்லத்தான் காட்டியதோடு அமையாது காணவும் வேண்டும். சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் எம் இளமையில் யாம் அறிந்திருந்த கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். விருந்தினர் வருகின்றனர் என்று அறிந்தால், அவர்க்கு விரித்த பாயில் தாம் முதலிற் சிறிது படுத்துப் பார்ப்பார். விளக்கொளி கண்ணில் விழுகின்றதா, கூரையின் ஒழுக்கு எங்கே சொட்டுகின்றது, நள்ளிரவில் எழுந்தால் எதில் கால் இடறும் என்பவற்றை அங்ஙனம் கிடந்து கண்டபின் எழுந்து சென்று, பாயை ஒருமுழம் தள்ளிப்போடுவார். அவர் சூத்திரம் படித்தவரல்லர். தேவாரத்தில் நான்கைந்து பதிகங்களும் நிலவரிக் கணக்குமே அவர் கல்வி. ஆயினும் காணும் உபகாரம் என்பதற்கு உலகியலில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் அப்பாயையே யாம் காட்டுவோம்.

இன்னும் ஒன்றுண்டு. இறைவன் உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் படைத்துக் கொடுத்து ஊட்டுகின்றான். உடம்பும் நம்முடையதன்று, உலகும் நம்முடையதன்று. இரண்டினும் நாம் விருந்தினராய் வந்து தங்கி, வினை முடிந்த அளவில் எழுந்து போகின்றோம். அங்ஙனமாகவும், உண்டவற்றையெல்லாம் எமதென்று கூறி உண்கின்றோம். கொடுத்தவனோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அவனது சத்தி மறைந்து நின்று நடத்துதலின் திரோதம் எனப் பெயர்பெற்றது. மலத்தின் வழிநின்று நடத்துதலால் மலமென உபசரிக்கப்படினும், உள்ளபடி நோக்கின் அஃது அருளே என்பது நூற்றுணிபு. கொடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்ளுதல் பெறுபவன்மாட்டுச் செய்யும் பேரருளாம். நம் இல்லங்களில் கொடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்ளுகின்றானா?

இளையான்குடிமாற நாயனார் வரலாற்றைப் பன்முறை கேட்டிருக்கின்றோம். கேட்டுக் கேட்டு, விதைநெல்லை வாரிவந்த வியப்பொன்றே நினைவில் நிற்கின்றது. சேக்கிழார் பெருமான் அதற்கு முன்னர் வைத்த சிறுசெயலொன்றை நாம் தாண்டிப் போய்விடுகின்றோம். மாரிக்காலத்து இரவு, செல்வமெல்லாம் சுருங்கிப் பசியோடு கதவடைத்த மனை. அடியார் வேடங்கொண்டு இறைவன் நனைந்து வந்து நிற்கின்றான். நாயனார் முதலிற் செய்தது யாது? திருமேனியின் ஈரத்தைப் போக்கி, இருக்க இடங்கொடுத்தார். அதன் பின்னரே மனைவியாரை நோக்கி, இவர்க்கு அமுதூட்ட என் செய்வோம் எனச் சூழ்ந்தார். இவ்விரண்டும் முறைமாறி நிகழ்ந்தனவாக எண்ணிப் பார்க்க. ஈர உடையோடு வாயிலில் நிற்பவன் செவியில், வீட்டில் ஒருபிடி அரிசியும் இல்லை என்னும் பேச்சு விழுமாயின், அவன் அக்கணமே வேறு மனை நாடியிருப்பான்; பசித்தவன் மானமுடையவன். ஆதலின் இடமும் உலர்ந்த துணியும் முன்னும், சோற்றைப்பற்றிய கவலை பின்னும், அக்கவலையும் மனைக்குள்ளேயும் ஆயின.

பின் நிகழ்ந்தன யாவும் வந்தவர் காணாமலே நிகழ்ந்தன. அன்று பகலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொணரலாம் என்னும் வழியை மனைவியார் கூறினார். நாயனார் இறைகூடையைத் தலையிற் கவித்து, காரிருளிற் காலால் தடவி வழியறிந்து வயலுக்குச் சென்று, மழைநீரில் மிதந்த முளையை வாரிவந்தார். அடுப்பெரிக்க விறகில்லை என்றபொழுது கூரையின் அலகை அறுத்து வீழ்த்தினார். கறிக்குக் கொல்லையில் நின்ற குறும்பயிரைப் பறித்தார். கூரை விறகாயிற்று, வரும் அறுவடை அன்றிரவின் சோறாயிற்று. இவற்றுள் ஒன்றனையேனும் வந்தவர்பால் அவர் எடுத்துக் கூறியதாகச் சேக்கிழார் பாடவில்லை. உணவு அமைந்தபின், தாம் உய்தற்பொருட்டே அவர் எழுந்தருளினார் என்னுங் கருத்தால் உரைத்து அமுதுக்கு அழைத்தார். கடன்பட்டவர் உண்ணவந்தவரல்லர், ஊட்டப்புகுந்த தாமே என்பது அவ்வழைப்பின் கருத்து.

இக்காலத்தில் கூரை அறுப்பாரில்லை. ஆயினும், இக்காய் எங்குமே கிடைக்கவில்லை, மூன்று கடை ஏறியிறங்கி வாங்கினேன் என்று இலையின் முன் நின்று கூறுவார் பலருளர். உண்பவன் தொண்டையில் அக்காய் எங்ஙனம் இறங்கும்? சாப்பாடு ஆயிற்றா என்று நடுப்பகலில் வாயிலிற் கேட்பதும் இவ்வினத்ததே. ஆகவில்லை என்பானாயின் கேட்டு வாங்கியவன் ஆவான். ஆயிற்று என்பானாயின் பொய்யனும் பசியனும் ஆவான். இலைபோட்டாயிற்று, கைகழுவ வாருங்கள் என்பதனில் இவ்விடர் இல்லை.

அப்பூதியடிகள் வரலாறு இதனினும் நுண்ணியது. திங்களூரில் வாழ்ந்த அவ்வந்தணர், தாம் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரையே மக்கட்கும் ஆனிரைக்கும் அளவைகட்கும் நிறைகோலுக்கும் இட்டு, வழிச்செல்வார்க்கு வைத்த தண்ணீர்ப்பந்தரிலும் அப்பெயரையே எழுதினார். தம் பெயர் எழுதாமை காண்க. இற்றைநாளில் திருவிழாக்காலத்து நீர்மோர்ப் பந்தர்களைக் காண்பார்க்கு, மோர்ப்பானை எங்கேயுளது என்று தேடவேண்டியிருக்கின்றது. கொடுப்பவர் உருவப்படங்களோ தேடாமலே தெரிகின்றன. இது நிற்க. அரசர் எழுந்தருளி அமுதுக்கு இசைந்தபொழுது, வாழைக்குருத்து அரியச்சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி, இலையைத் தாயார் கையிற் கொடுத்து வீழ்ந்து இறந்தான். பெற்றோர் அவ்வுடலைப் பாயால் மூடி மறைத்துவைத்து, விருந்தினர் அமுது தடைப்படலாகாதென நின்றனர். அரசர் திருநீறு அளிக்கும்பொழுது மூத்த மகனை அழைக்க என்றார். அவன் இப்பொழுது வந்து உதவும் நிலையிலன் என அடிகள் கூறிய அளவில், அரசர் திருவுள்ளத்தில் ஒரு தடுமாற்றம் எழுந்தது. வினாவி உண்மையறிந்து, விடந்தீர்த்த திருப்பதிகம் பாடி மகனை எழுப்பினார்.

இங்கே இரண்டு குறிக்கத்தக்கன. மறைத்தல் அருளாகும் என மேலே கூறினோம். ஆயினும் பேரன்புடைய அவ்விருவர் மறைத்ததும் விருந்தினர் உள்ளத்திற்கு எட்டிவிட்டது. பொருளின் வறுமையை மறைக்கலாம், உழைப்பை மறைக்கலாம். உள்ளத்தின் நிலையை மறைத்தல் இயலாது. அங்ஙனமாகவும், உள்ளே மனத்தாங்கல் வைத்து வெளியே சிரிக்கும் மனையார், வந்தவர் அறியார் என எண்ணுதல் வியப்பே. கணவனும் மனைவியும் சற்றுமுன் பூசலிட்டிருந்த வீட்டைச் சுவரே காட்டிக்கொடுக்கும். மற்றொன்று, அதன்பின் நிகழ்ந்தது. இறந்த மகன் எழுந்த உவகையினும், தம் மகனால் அரசர் அமுது செய்தல் தாழ்ந்ததே என்னும் வருத்தமே பெற்றோர்க்கு மிக்கிருந்தது. அதனையறிந்த அரசர் மனைக்கு மீண்டு எழுந்தருள, அடிகளும் மக்களும் அவர் பக்கத்திருந்து உடனுண்ண, மனைவியார் பரிமாறினார். அப்பூதியார் அந்தணர், அரசர் வேளாளர். ஒரே பந்தியில் இருந்து உண்டனர் எனச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிலே பாடிவைத்தார்.

இதனை இங்கு எடுத்தோதுதற்குக் காரணம் உண்டு. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்பது சிவஞானபோதத்து 12ஆம் சூத்திரத்தின் கருத்து. குரு லிங்க சங்கம வழிபாட்டுள் சங்கம வழிபாடு என்பது இதுவே. மாகேசுர பூசை என நாம் ஆண்டுதோறும் நிகழ்த்துவதும் இதுவே. அப்பூசை நிகழும் இடங்களிலேயே பந்தியில் வேற்றுமை பாராட்டிய மடங்களும் சத்திரங்களும் இருந்தன என்பதனை மறைத்துப் பயனில்லை. ஊர் எது, பெயர் எது என்று தொடங்கி, உறவினர் எவர் என்று வளைத்து, வந்தவன் குலத்தை அறிந்தபின்னரே உட்காரும் இடத்தைக் காட்டும் வழக்கத்தை எம் இளமையில் யாமே கண்டிருக்கின்றோம். கேட்பவன் நகைமுகத்தோடுதான் கேட்பான். கேட்கப்பட்டவனோ அதன்பின் அங்கே எத்தனை நாள் இருப்பினும் கூச்சம் நீங்கான். வேடத்தை அரனெனக் கண்டவன் குலத்தை வினாவ வாயெடான். வினாவினான் எனின் அவன் வேடத்தைக் காணவில்லை. ஆதீனங்களிலும் திருமடங்களிலும் பொறுப்பிலுள்ள பெரியோர், பந்தி விசாரிக்கும் பணியைத் தக்கார்பால் விடுத்தல் வேண்டும் என வணக்கத்தோடு விண்ணப்பிக்கின்றோம். சாத்திரம் வல்லவர் ஒருவர் பீடத்தில் இருக்க, வாயிலில் நிற்கும் காவலன் ஒருவனே அம்மடத்தின் சித்தாந்தத்தை வந்தவர்க்கு முதலிற் கற்பித்துவிடுகின்றான்.

அறிஞரை எதிர்கொள்ளுதலில் நம் மடங்கள் முன்பு எத்துணைச் சிறந்திருந்தன என்பதற்குத் திருவாவடுதுறையே சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள் (1815–1876) ஆதீன வித்துவானாக விளங்கிய காலத்து, சுப்பிரமணிய தேசிகர் வந்தவர் தரமறிந்து உபசரித்த பான்மையை உ. வே. சாமிநாதையரவர்கள் தம் வரலாற்றில் நெகிழ்ந்து எழுதியிருக்கின்றனர். இன்றோ சொற்பொழிவுக்கு அழைக்கும் சபையார் பெரும்பாலும் விடுதியில் ஓர் அறையைப் பேசிவைத்து, சாவியைக் கையிற் கொடுத்துவிடுகின்றனர். வசதியாக இருக்கட்டும் என்பதே அவர் கருத்து, வசதியாகவே இருக்கின்றது. ஆனால் அவ்வூரில் எவர் மனைப்படியையும் மிதியாமல், எவர் குழந்தையின் பெயரையும் அறியாமல், விருந்தோம்பலைப்பற்றி ஒருமணி நேரம் பேசிவிட்டு மீளுகின்றோம்.

வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அவர்தம் பாடல்களைப்பற்றி நம்மவர்க்குள் எழுந்த வழக்கை யாம் அறிவோம். அஃது ஈண்டு வேண்டா. அவ்வடுப்பின்மேல் எவர்க்கும் வழக்கில்லை. அங்கே உண்ணச் செல்பவன் எவரிடமும் நன்றி கூறவேண்டுவதில்லை என்பதே எம்மை ஈர்ப்பது. அடுப்பு எவருடையதும் அன்று. ஆதலின் உண்பவன் எவர்க்குங் கடன்பட்டானல்லன்.

மனையின் அமைப்பும் இவ்வுணர்ச்சிக்குத் துணைசெய்வதொன்று. நம் முன்னோர் வீட்டு வாயிலுக்கு வெளியே திண்ணை அமைத்தனர். வழிச்செல்வான் அதில் இருத்தற்கு எவரையும் கேட்கவேண்டுவதில்லை. கதவைத் தட்டவும் வேண்டுவதில்லை. மனையின் ஒருபகுதி முன்னரே ஊர்க்கு விடப்பட்டுவிட்டது. தலைச்சுமையை ஒருவர் உதவியின்றி இறக்கிவைக்கச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். ஈழத்துப் பருத்தித்துறையில், தெருவுக்கு மேலே கூரை வேய்ந்து இருபுறமும் திண்ணை அமைத்த தெருமூடிமடம் என்பதொன்றுண்டு. தெருவிற் செல்பவன் அதனுட் புகாது செல்லுதல் இயலாது! வைணவர் கூறும் முதலாழ்வார் வரலாற்றில், திருக்கோவலூரில் மழையிரவில் ஓர் இடைகழியில் ஒருவர் கிடக்கவும், மற்றொருவர் வர இருவரும் இருக்கவும், மூன்றாமவர் வர மூவரும் நிற்கவும் நேர்ந்ததென்பர். அயற்சமயத்தார் வரலாறாயினும் இடம் என்பது உள்ளத்தைப் பொறுத்து விரிவதென்பதற்கு அதனினும் நல்ல சான்று யாம் அறியோம்.

இக்காலத்து நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பே பெரும்பாலார்க்கு வாய்த்தது, அவர்மேற் குற்றமில்லை. கதவிற் பதித்த சிறுதுளையின் வழியே ஒரு கண் பார்க்கின்றது. பின் தாழ் அசையும் ஓசை. பின் ஒருசாண் கதவு திறக்கின்றது. கள்வர்க்கு அஞ்சுதல் இயல்பே. ஆயினும், அறிந்தவர் என்று தெரிந்தபின்னும் கதவு அவ்வொருசாணிலேயே நிற்றல் அச்சத்தால் அன்று. அத்தகைய வீடொன்றிலேயே, வாயிற் கதவையடுத்துச் சிறு மணைப்பலகை ஒன்றும் மூடியிட்ட நீர்க்குடம் ஒன்றும் வைத்து, கடிதமும் பொருளும் கொணர்வார் சிறிது இருந்து நீர் பருகிச் செல்லவிட்ட ஓர் அம்மையாரை யாம் அறிவோம். மூன்றாம் மாடியில் ஒரு திண்ணை!

அம்மையார் என்றவுடன் ஒன்று கூறல் வேண்டும். விருந்தோம்பினான் என்னும் புகழ் ஆடவர்க்கும், அடுப்புப்புகை மகளிர்க்குமாகப் பங்கிடப்பட்டுவிட்டது. முன்னறிவியாது நால்வரை அழைத்துவந்து கூடத்தில் இருத்தி, உள்ளே நோக்கிக் குரல்கொடுப்பவன் தன்னை மாறநாயனார் வழியினன் என எண்ணிக்கொள்ளுதல் கூடாது. மாறநாயனார் தாமே வயலுக்குச் சென்றார்; கூரையைத் தாமே அறுத்தார்; மனைவியாரோடு சூழ்ந்தே எல்லாஞ் செய்தார். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் கண்ணகியார், கணவனைப் பிரிந்த காலத்துத் தாம் இழந்தவற்றுள் விருந்தினரை எதிர்கொள்ளுதலையும் ஒன்றாகக் கூறி வருந்துகின்றனர். அவர்க்கு அது தம் உரிமை. உரிமையாக இருந்ததனை ஏவற்பணியாக்கிய மனையில், சோறு எத்துணை நறுமணம் உடையதாயினும் விருந்தினன் உண்டு மகிழான். பரிமாறும் கையின் தளர்ச்சியை அவன் கண்கள் கண்டுவிடும்.

உபசாரம் மிகினும் கூச்சம் மிகும் என்பதனையும் ஈண்டுச் சொல்லவேண்டும். பெருஞ்செல்வர் ஒருவர் எம்மைத் தம் மனைக்கு அழைத்துச் சென்று, பளிங்குத் தரையின் விலை, விளக்கின் விலை, ஊஞ்சற் சங்கிலியின் எடை ஆகியவற்றை முறையே கூறி முடித்தபொழுது, எமக்கு ஊஞ்சலில் இருக்கக் கால் எழவில்லை. பிறிதொருகால் நெசவுத்தொழில் செய்யும் அன்பரொருவர் வீட்டிற் புகநேர்ந்தது. அறை முழுதும் தறி. அவர் எம்மைக் கண்டு முகமலர்ந்து கைகுவித்து, "வாருங்கள் ஐயா, இப்படி இருங்கள்; நாடாவிலுள்ள நூல் தீர்ந்ததும் வந்துவிடுகின்றேன்" என்று கூறி மீண்டும் தறியில் இருந்தார். அவர் சிறுபெண் நீர் கொணர்ந்தாள். அவர் தாயார் இராட்டையைச் சுற்றிக்கொண்டே எம் ஊரின் மழையைப்பற்றி வினாவினார். தறியின் ஓசை நிற்கவில்லை. யாம் புகுந்ததனால் அம்மனையில் ஒன்றும் கெடவில்லை என்பது தெளிவாகவே, எம் கூச்சம் முழுதும் அகன்றது. வந்தவன்பொருட்டு மனையின் தொழிலெல்லாம் நின்றுவிடுமாயின், அவன் ஏதோ குற்றஞ்செய்தான்போல ஒடுங்குவான். தொழில் நடக்கவும் முகம் மலரவும் கூடுமாயின் அவன் அம்மனையாருள் ஒருவனாகின்றான்.

இயற்பகையார், சிறுத்தொண்டர் முதலியோர் வரலாறுகளை இங்கு விரித்திலோம். அவை செயற்கரிய செய்த பெரியோரின் உறைப்பை உணர்த்த வந்தனவன்றி, நாம் செய்துபார்க்க வந்தனவல்ல.

விடைதருதல் எஞ்சியது. உண்டபின் விருந்தினனை வாயிலோடு விட்டுக் கதவடைத்தல் நம் ஊர்களில் வழக்கமன்று. ஊர் எல்லையிலுள்ள குளக்கரை வரையிலேனும் உடன்சென்று மீளுவர். இன்று பேருந்து நிலையம் வரையில் உடன்வந்து, இருக்கை கிடைத்ததா என்று பலகணியின் வழியே பார்த்தபின் செல்லும் அன்பர் இன்னும் இருக்கின்றனர். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரது பள்ளியறையில், அடியார் வேடத்தோடு புகுந்த முத்தநாதன், புத்தகக் கட்டினுள் மறைத்துவந்த படையால் அவரைக் குத்தினான். அவனை வெட்டப்புகுந்த தத்தனைத் தடுத்து, இவரும் நமக்குரியவரே என்னும் பொருள்பட உரைத்து, இடையூறு நேராவண்ணம் எல்லை கடத்தி விட்டுவருக எனப் பணித்தார் நாயனார். வளைத்துக்கொண்ட ஊராரையெல்லாம் அரசன் ஆணைகூறி விலக்கி, வெந்நெறியாளனை நகர்க்கு அப்பாற் கொண்டுபோய் விட்டான் தத்தன். குருதி சோர, உயிர் நீங்காது அச்சொல்லைக் கேட்டற்பொருட்டே காத்திருந்தார் நாயனார். தத்தன் மீண்டு வந்து, இடையூறின்றி விட்டுவந்தேன் என்றான்.